வெளிச்சத்தில் நின்று பேசியவர்

ஜேடர்பாளையத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். காலையில் தடுப்பணைப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது செல்பேசி ஒலித்தது. ஆற்றின் மேல் பனி இன்னும் கலையவில்லை. அக்கரை இருக்கிறதா என்பதே தெரியவில்லை. பேசியவர் எங்கள் நெசவு மில்லில் தறி ஓட்டிய சரோஜா. தறிக்கூடத்தில் இருந்தவர்களுக்கே உரிய உரத்த குரல்.

"சார், சாந்தாமணியக்கா போயிட்டாங்க. வேற யாரோ சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாது. அதான் நானே கூப்பிட்டேனுங்க."

தடுப்பணையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஓசை தறிக்கூடத்தின் ஓசை போலவே இருந்தது.

சாந்தாமணி அவர்கள் குமாரபாளையத்துக்கு அருகே இருந்த அந்த மில்லில் ஷிப்டு சூப்பர்வைசராக இருந்தவர். நான் அலுவலகத்தில் நிர்வாகப் பணி பார்த்தேன். அறிவிப்புகள் எழுதுவது என் வேலை. அவரைப் பற்றி எழுத நான் தகுந்தவன்தானா என்று இப்போதும் ஐயமாகவே இருக்கிறது. அவருடன் தறிகளுக்கு நடுவே நின்றவர்கள் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். ஆனால் அவர்கள் எழுதப்போவதில்லை.

தறிக்கூடத்தில் எந்தக் குரலும் கேட்காது. உதட்டசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். சாந்தாமணி அவர்கள் ஷிப்டு தொடங்கியதும் ஒவ்வொரு தறியாகப் போவார். சன்னல் வெளிச்சம் தம் முகத்தில் விழும்படி நின்றுகொண்ட பிறகே வாயைத் திறப்பார். வெற்றிலையில் அவருக்குத் தீராத ஆசை; ஆனாலும் வேலை நேரத்தில் தொடமாட்டார். "அக்கா வெத்தல போட்டா கம்பெனியே ஊமையாயிரும்" என்று சரோஜா கேலி செய்வார்.

அவர் சேர்ந்த புதிதில், தேநீர் இடைவேளையை மாற்றி நான் எழுதிய அறிவிப்பைப் பலகையில் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா ஆராச்சும் ஒண்ணு கேட்டா, பலகை என்னங்க பண்ணும்?"

அன்று முதல், கூடத்தில் கேட்டவற்றை மாலையில் என்னிடம் கொண்டுவருவார். மறுநாள் பதிலோடு திரும்புவார். பதில் பல நாட்கள் 'முடியாது' என்பதாகவே இருக்கும். அதையும் முகம் பார்த்தே சொல்வார். "இல்லைங்கறதும் ஒரு பதில்தானுங்க சார். ஒண்ணுமே சொல்லாம உடறதுதான் மனுசனக் கொல்லும்" என்பார்.

ஓர் ஆண்டு, மாரியம்மன் பண்டிகைக்கு முன்பு, பழைய தறிகளைக் கழித்துவிட்டுப் புதியவற்றை வாங்குவதென்று முடிவாயிற்று. புதிய தறிகளுக்கு ஆட்கள் குறைவாகவே போதும். முதலாளி எங்கள் இருவரையும் அழைத்தார்.

"பண்டிக முடியட்டும். இப்பச் சொன்னா ஊருக்குப் போறவன் ஒருத்தனும் திரும்ப வரமாட்டான்."

"சொல்லாம உட்டாத்தானுங்க வரமாட்டாங்க" என்றார் சாந்தாமணி அவர்கள். " லாரியில பழைய தறிக்கு வெல பேச ஆளு வந்து போனத எல்லாரும் பாத்தாச்சு. ஊட்ல உக்காந்து அவங்களே ஒரு சேதி கட்டிக்குவாங்க."

"எத்தன பேர நிறுத்தறதுன்னு எனக்கே இன்னும் தெரியாதேம்மா. என்னன்னு சொல்லுவே?"

"தெரியாதுன்னே சொல்றேனுங்க."

"சொல்லி, ஒருத்தரும் வரலீன்னா?"

"அப்ப நானும் வரலீங்க."

கணவரை இழந்தவர், மகனைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். அந்த வேலையைவிட்டால் அவருக்கு வேறு வழியில்லை என்பது எனக்குத் தெரியும். முதலாளி முகத்தைத் திருப்பி வெளியே பார்த்தார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு சாந்தாமணி அவர்கள் எழுந்தார்.

கூடத்துக்குப் போனதும், எல்லோரிடமும் பேச வேண்டும், தறிகளை நிறுத்துங்கள் என்றார். ஓடும் தறிகளை ஒன்றாக நிறுத்துவது எங்கள் மில்லில் வழக்கமில்லை. எலக்ட்ரீசியன் தயங்கி என்னைப் பார்த்தார். எதையும் இருமுறை சரிபார்க்காமல் செய்யாத நான், எப்படியோ தலையசைத்துவிட்டேன்.

ஓசை அடங்கியது. அப்படியோர் அமைதியை அதற்கு முன் நான் கேட்டதில்லை. பஞ்சுத் துகள்கள் வெயிலில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தன. எல்லோரும் நீருக்கடியில் நிற்பவர்கள் போலத் தெரிந்தார்கள். சாந்தாமணி அவர்கள் பேசினார். குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை.

"அக்கா, சத்தமெல்லாம் உங்களுக்கு எதுக்கு? சன்னல் பக்கம் திரும்பி வாய மட்டும் அசைங்க, வெளங்கும்!" என்றார் சரோஜா. கூடமே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, சன்னல் பக்கம் நகர்ந்து நின்றார்.

"பழைய தறி போகுது. கொஞ்சம் பேருக்கு வேல இருக்காது. ஆருக்குன்னு மொதலாளிக்கே இன்னும் தெரியாது. தெரிஞ்ச அன்னிக்கு, வேற யாரும் சொல்றதுக்கு முந்தி நான் சொல்றேன்."

"எனக்குத்தான் வேல இல்லீன்னாலும் சொல்லுவீங்களாக்கா?" என்று கேட்டார் சரோஜா.

"உன்ற மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லுவேன் சாமி. பலகையில ஒட்ட மாட்டேன்."

பண்டிகை முடிந்து மில் திறக்கும் காலையில், அவர் விடியும்போதே வாசலில் நின்றிருந்தார். நானும் போய்ச் சற்றுத் தள்ளி நின்றேன். மூடுபனியில் முதலில் ஒருவரும் தெரியவில்லை. அவர் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பனிக்குள்ளிருந்து மஞ்சள் சேலைகள் ஒவ்வொன்றாக வந்தன. வராதவர்கள் வெகு சிலரே.

மாதங்கள் கழித்து முடிவு தெரிந்தபோது, வேலை இழந்தவர்களில் சரோஜாவும் இருந்தார். சாந்தாமணி அவர்கள் அவரைச் சன்னலருகே அழைத்துச் சென்று சொன்னதைத் தூரத்திலிருந்து கண்டேன். என்ன சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. சரோஜா அழுதார், பிறகு தம் முந்தானையால் அக்காவின் கண்ணைத்தான் முதலில் துடைத்தார்.

அந்தச் சரோஜாதான் எனக்குச் செய்தி சொன்னவர்.

குமாரபாளையம் போய்ச் சேர்ந்தபோது மேளச் சத்தம் தெருவை நிறைத்திருந்தது. யார் பேசியதும் கேட்கவில்லை. பழைய தறிக்கூடத்துப் பெண்கள் மட்டும் உதடுகளாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்புறம் நின்ற சரோஜா என்னைப் பார்த்து வாயசைத்தார். அத்தனை ஆண்டுகள் அலுவலக அறைக்குள்ளேயே இருந்துவிட்டதால் அந்த மொழி எனக்குப் பழகவில்லை. ஆனாலும் அன்று விளங்கியது: 'அக்காகிட்டச் சொல்லிக்கிட்டீங்களா சார்?'

கூட்டத்தில் பேச எனக்கு என்றுமே துணிவு வந்ததில்லை. பந்தலின் நிழலிலிருந்து சற்று நகர்ந்து, வெளிச்சம் என் முகத்தில் விழும்படி நின்றுகொண்டேன். கிடத்தப்பட்டிருந்த சாந்தாமணி அவர்களின் முகத்தைப் பார்த்து, குரல் எழுப்பாமல் உதடுகளை மட்டும் அசைத்தேன்.

போயிட்டு வாங்கம்மா.