முப்பதை ஐந்து என்றாள்

அந்த வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பேர். யோசிக்கிற தலை தம்பியுடையது. வேலை செய்கிற கைகள் அக்காவுடையவை. இரண்டும் சேர்ந்துதான் ஒரு முழு ஆள்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால், கட்டட வேலையை மேற்பார்வை பார்க்கப் போன தம்பி சாரத்திலிருந்து தவறி விழுந்தான். உயிர் பிழைத்தது. கழுத்துக்குக் கீழே மட்டும் எல்லாம் ஓய்ந்துபோனது. அப்போது அவனுக்கு வயது இருபத்து நான்கு, அக்காவுக்கு முப்பத்தொன்று. அவளுக்கு நிச்சயம் செய்திருந்த கல்யாணத்தை அவளே போய் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தாள். குடிநீர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை, வீட்டில் தம்பி. அவள் வாழ்க்கையை இத்தோடு எழுதி முடித்துவிடலாம் என்றுதான் சொந்தக்காரர்கள் நினைத்தார்கள்.

ஆனால் அந்த அறைக்குள் ரேடியோ வந்தது. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தபடியே கடல் தாண்டியும் பேசுகிற ஹாம் ரேடியோ. தம்பியின் வாய்க்கு நேராக ஒரு சின்னக் குழாய். அதில் ஊதினால் அவன் பேசுவது காற்றில் ஏறும்; உறிஞ்சினால் எதிராளி பேசுவது கேட்கும். புரண்டு படுக்க முடியாதவன் தினமும் ஒன்பது மணிக்கு நாலு ஊர்க்காரர்களோடு வம்பளந்தான். மழைக்காலத்தில் எந்தப் பாலம் உடைந்தது, எந்த ஊருக்கு மருந்து வேண்டும் என்று செய்தி வாங்கிக் கொடுத்தான். முன்னே பின்னே பார்த்திராத ஜனங்கள் அவனை மரியாதையாகக் கூப்பிட்டார்கள்.

மின்சாரம் அடிக்கடி போகிற தெரு அது. அதனால் அறை மூலையில் ஒரு பெரிய பாட்டரி. அதிலிருந்து தடித்த சிவப்பு வயரும் கருப்பு வயரும் சுவரில் அடித்த ஒரு பலகைக்கு ஏறும். பலகையில் வரிசையாகத் திருகுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபியூஸ். அங்கிருந்து பெரிய ரேடியோவுக்கு ஒரு வழி, சின்ன ரேடியோவுக்கு ஒரு வழி, கட்டில் பக்கத்து விளக்குக்கும் விசிறிக்கும் ஒரு மெல்லிய வழி. எந்த வழிக்கு என்ன தடிமனில் வயர், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்று அத்தனையும் தம்பி மனக்கணக்காகப் போட்டுச் சொல்ல, அக்கா நோட்டில் எழுதி, திருகி, முறுக்கிக் கட்டியது.

அவர்கள் வேலை செய்கிற விதமே தனி. கட்டிலுக்கு மேலே சாய்த்து மாட்டிய கண்ணாடியில் பார்த்து அவன் சொல்லுவான். அவள் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவன் "சரி" என்ற பிறகுதான் கை நகரும்.

"கருப்பு வயர், ரெண்டாவது திருகு."

"கருப்பு வயர், ரெண்டாவது திருகு."

"சரி. முறுக்கு."

ரேடியோவில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் பின்னணியில் இந்தக் குரல் கேட்கும். அவர்கள் அவளுக்கு 'எதிரொலி அக்கா' என்று பேரே வைத்துவிட்டார்கள்.

"பன்னெண்டு வோல்ட்டுக்கு இவ்வளவு அலப்பறையா?" என்று அவள் ஆரம்பத்தில் கேலி செய்ததுண்டு. "தொட்டா எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல."

"ஷாக் அடிக்காதுக்கா. ஆனா எரிக்கும். ஃபியூஸ் இருக்கிறது ரேடியோவுக்காக இல்ல, வயருக்காக. மெல்லிசு வயருக்குப் பெரிய ஃபியூஸப் போட்டா, ஃபியூஸ் உருகாது, வயர் உருகும்."

"சரிங்க வாத்தியாரே."

"சிரிக்காத. ஃபியூஸ் போச்சுன்னா அது நம்மகிட்ட ஏதோ சொல்லுதுன்னு அர்த்தம். என்னன்னு கேக்காம அது வாய அடைக்கக் கூடாது."

அன்றைக்கு அவள் அதன் வாயைத்தான் அடைத்தாள்.

கொளுத்துகிற வெயில் காலம். முந்தின நாள்தான் காற்று வரட்டுமென்று கட்டிலை ஜன்னலோரம் தள்ளியிருந்தாள். காலையில் விசிறி நின்றுபோனது. பலகையில் ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் போயிருந்தது. மாற்றினாள். கொஞ்ச நேரம் ஓடி, மறுபடியும் போனது.

"ரெண்டு தடவ போச்சுன்னா எங்கயோ வயர் நசுங்கியிருக்கு," என்றான் தம்பி. "கட்டில நகர்த்தி, முழுசாத் தடவிப் பாரு."

கட்டிலை நகர்த்த வேண்டுமென்றால் அவனைத் தூக்கி, சிறுநீர்ப் பைகளைக் கழற்றி, மறுபடி மாட்டி... முக்கால் மணி நேரம். அலுவலகத்தில் ஏற்கனவே இரண்டு முறை எழுத்தில் எச்சரித்திருந்தார்கள். மூன்றாவது முறை தாமதமானால் வேலை இல்லை. விசிறி இல்லாமல் விட்டுப் போகவும் முடியாது. அவன் உடம்பு வியர்க்காது. அறை சூடேறினால் ஒரு மணி நேரத்தில் காய்ச்சல் கொதிக்கும். டப்பாவைத் திறந்தாள். ஐந்து ஆம்பியர் தீர்ந்துபோயிருந்தது. அடியில் பச்சை நிறத்தில் ஒரு முப்பது ஆம்பியர் கிடந்தது.

சாயங்காலம் வந்து எல்லாம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பகல்தானே.

கண்ணாடியில் அவனுக்குத் தெரிந்தது அவள் முதுகு மட்டும்.

"என்ன போட்ட?"

"அஞ்சு."

"வயரப் பாத்தியா?"

"பாத்தேன். நல்லாதான் இருக்கு."

"சரி."

விசிறி சுழன்றது. அவன் நெற்றியில் முடி பறந்தது. பெற்ற தாய்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள், அவள் அந்த முடி பறப்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஓடினாள்.

கட்டிலின் சக்கரம் ஏறி நசுங்கிய இடத்தில் கம்பியும் கம்பியும் தொட்டும் தொடாமலும் கிடந்தன. ஐந்து ஆம்பியராக இருந்தால் அப்போதே அறுந்திருக்கும். முப்பது அசையாமல் இருந்தது. வயர் பழுத்தது. படுக்கை விரிப்பின் தொங்கல் கருகியது. பதினொரு மணிக்குப் புகை.

கத்தினால் தெருவுக்குக் கேட்கிற குரல் அவனுக்கு இல்லை. குழாயில் ஊதி ரேடியோவில் கூப்பிட்டான். எத்தனையோ ஊர் தாண்டி ஒரு பேக்கரிக்காரர் ரொட்டி அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். தட்டைப் போட்டுவிட்டு அவர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். கதவை உடைத்து அவனைத் தூக்கினார்கள். இடது காலை மட்டும் முழங்காலுக்குக் கீழே காப்பாற்ற முடியவில்லை.

"சும்மா படுத்துட்டுத் தின்னுட்டு இருந்த காலுதானேக்கா, போனா போகட்டும்," என்றான் ஆஸ்பத்திரியில். அவள் அழுததைப் பார்த்து, அவளைச் சிரிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடி, "கருகுற வாசன வந்துச்சு. வலிக்கவே இல்ல. அதுதான் பயமா இருந்துச்சு," என்றான்.

மரக்கடை வைத்திருக்கும் பெரியண்ணன் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டே கேட்டார்.

"வயர்ல கோளாறுன்னு தீயணைப்புக்காரங்க எழுதியிருக்காங்க. கணக்கெல்லாம் இவன் போட்டதுதானே?"

"ஆமாண்ணா," என்றான் தம்பி.

"படுத்துக்கிட்டு விஞ்ஞானம் பண்ணா இப்படித்தான். ஒழுங்கா ஒரு எலெக்ட்ரீஷியன வச்சிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா? நீயாவது சொல்லக் கூடாதாம்மா?"

அக்கா தம்பியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பலகையும் ஃபியூஸும் உருகி ஒரே கரிக்கட்டியாகக் குப்பைக்குப் போய்விட்டன. எரிந்தது ஐந்தா முப்பதா என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

வீடு திரும்பிய பிறகு நடந்ததுதான் நெஞ்சைப் பிளப்பது. கால் போனதற்குக் கலங்காதவன், கணக்குக்குக் கலங்கினான். கண்ணை மூடிக்கொண்டு நாள் முழுக்க முணுமுணுத்தான்.

"அஞ்சு ஆம்பியர்ல அந்த வயர் எரிய வழியே இல்லக்கா. ஆனா எரிஞ்சிருக்கு. அப்போ நான் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன். எங்கன்னுதான் பிடிபடல."

"விடுடா. நடந்தது நடந்துபோச்சு."

"உடம்பு போச்சு, தல இருக்குன்னு நெனச்சேன். அதுவும் இல்ல போல."

அப்போது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். காலுக்குக் கட்டு மாற்றக் காலையில் வந்து போகும் நர்ஸம்மா மட்டும், "என்ன மகாராஜா, இன்னைக்கும் முகத்தத் தூக்கி வச்சாச்சா?" என்று அவனைச் சீண்டிப் பார்ப்பாள். அவன் கண்ணை மூடிக்கொள்வான்.

ரேடியோ நண்பர்கள் சேர்ந்து ஒரு பழைய செட்டை அனுப்பிவைத்தார்கள். பேக்கரிக்காரர் ஒரு டப்பா நிறைய ரஸ்க்கும், 'எங்கள் ஒன்பது மணி ஊமையாகிக் கிடக்கிறது' என்று ஒரு சீட்டும் வைத்திருந்தார். தம்பி அதைப் பார்க்கக்கூட இல்லை.

அக்கா தானாகவே வேலையை ஆரம்பித்தாள். வெளியே இருந்ததால் தப்பித்த நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டாள். பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் முதல் ஃபியூஸ். பாட்டரிக்குக் காற்றுப் போகிற மாதிரி மூடியோடு ஒரு பெட்டி. தரையில் ஒரு வயரும் ஓடாமல் எல்லாம் சுவரோடு, இடுப்பு உயரத்தில். வயர் நுழைகிற ஓட்டைகளில் ரப்பர் வளையம். மாற்றிச் செருகவே முடியாத சிவப்பு கருப்பு இணைப்புகள். ஒவ்வொரு ஃபியூஸுக்கும் கீழே பெரிய எழுத்தில் அதன் எண். ஒரு வாரம் வேலை செய்தாள். ஒவ்வொரு திருகையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி முறுக்கினாள்.

"சிவப்பு வயர், முதல் திருகு."

கட்டிலிலிருந்து "சரி" வரவில்லை. காலி அறையில் பேசுவதுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனே கூப்பிட்டான்.

"அக்கா, ஒரு லெட்டர் டைப் பண்ணணும். சொல்றேன், எழுதிக்கோ. 'என் கணக்குப் பிழையால் தீ விபத்து ஏற்பட்டது. இந்தக் கருவிகளைக் கையாள நான் தகுதியானவன் அல்ல என்பதால் என் உரிமத்தைத் திருப்பி ஒப்படைக்கிறேன்.' திருப்பிச் சொல்லு."

பென்சில் அவள் கையில் நின்றது.

"திருப்பிச் சொல்லுக்கா."

"என் கணக்கு..." அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "உன் கணக்கு இல்லடா. நான்தான். அன்னைக்கு அஞ்சு தீந்துபோச்சு. முப்பதப் போட்டேன்."



"முப்பதா?"

"முப்பது."

"வயரு?"

"பாக்கல. பாத்தேன்னு சொன்னது பொய்."

அவன் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. அதுதான் அவளை இன்றுவரை கொல்கிறது. அவன் முகம் மலர்ந்தது. கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்க அவனால் முடியாது. துடைக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"அப்போ அஞ்சுன்னு நான் சொன்னது சரி. நசுங்கியிருக்குன்னு சொன்னதும் சரி. நான் சரியாத்தான்க்கா சொல்லியிருக்கேன்!"

"நீ எல்லாமே சரியாத்தான் சொன்ன, ராசா."

காணாமல் போன பிள்ளை வீடு திரும்பியதுபோல் அவன் சிரித்தான். அவளும் அழுகைக்கு நடுவே சிரித்தாள். எல்லாம் தீர்ந்தது என்றுதான் அந்தப் பாவி மகள் நினைத்தாள். சிரிப்பு அடங்கியதும் அவன் கண்ணாடியைப் பார்த்தான். அதில் தெரிந்த அவளைப் பார்த்தான். முகம் மெல்ல மாறியது.

"வேற எப்ப?"

"என்னடா?"

"வேற எப்பெல்லாம் நான் ஒண்ணு சொல்லி, நீ ஒண்ணு பண்ணிட்டு, அப்படியே திருப்பிச் சொன்ன?"

"அந்த ஒரு தடவதான். உன் தலமேல சத்தியம்."

"அன்னைக்கும் இதே குரல்லதான் அஞ்சுன்னு சொன்னக்கா. கொஞ்சம்கூடத் தடுமாறல." அவன் கத்தவில்லை. கணக்குப் போடும்போது பேசுகிற அதே நிதானத்தில் பேசினான். "தண்ணி சூடா இருக்கான்னு எனக்குத் தெரியாது, நீதான் சொல்ற. முதுகுல புண்ணு இருக்கா இல்லையான்னு நீதான் சொல்ற. எந்த மாத்திரைன்னு நீதான் சொல்ற. எனக்கு உடம்புன்னு இருக்கிறதே நீ சொல்றதுதான்க்கா. இனிமே அத நான் எத வச்சு நம்புறது?"



கடிதம் போகவில்லை. மறுநாள் காலை தம்பி ரேடியோவைப் போடச் சொன்னான், ஆனால் அக்காவிடம் இல்லை.

"நர்ஸம்மா, அந்தப் பலகையில ஒவ்வொரு ஃபியூஸா வெளிய எடுத்து, அது மேல எழுதியிருக்கிற நம்பரப் படிங்க. கீழ ஒட்டியிருக்கிறதப் படிக்காதீங்க."

"என்ன மகாராஜா, எனக்குப் போய் இந்த வேலையா? உங்க அக்கா இருக்காங்களே."

"நீங்க படிங்க."

நர்ஸம்மா திகைத்து அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையசைத்துவிட்டு வாசல் பக்கம் நகர்ந்து நின்றாள். இருபத்தைந்து, பத்து, ஐந்து. எல்லாம் சரியாக இருந்தது. சுவரில் வயர் போகிற வழியெல்லாம் நர்ஸம்மா தடவிப் பார்த்துச் சொன்னாள். ஒரு வாரம் அக்கா உயிரைக் கொடுத்துச் செய்த வேலையில் ஒரு குறை இல்லை. ஒன்பது மணிக்கு அவன் குரல் காற்றில் ஏறியது. பேக்கரிக்காரர் சந்தோஷத்தில் என்னென்னவோ உளறினார். கடைசியில், "எங்க எதிரொலி அக்கா? சத்தத்தையே காணோமே?" என்றார்.

தம்பி குழாயில் ஊதினான்.

"வேலையா இருக்காங்க," என்றான்.

சாயங்காலம் அவள் வழக்கம்போல் உடம்பு துடைக்க வெந்நீர் கொண்டுவந்தாள். முழங்கையை விட்டுப் பார்த்தாள். இதமாக இருந்தது.

"சூடு சரியா இருக்குடா," என்றாள்.

அவன் கண்ணாடியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். நர்ஸம்மா போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

"இன்னைக்கு வேண்டாம்க்கா. காலையில அவங்க வரட்டும்."

அவள் பாத்திரத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் ஆறிப்போன பிறகு எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினாள்.