டிங்கரின் கை

கோபம் வந்தால் அப்பா முதலில் வாட்சைக் கழற்றுவார். நிதானமாக வாரைத் தளர்த்தி ஃபிரிட்ஜின் மேல் வைப்பார். கண்ணாடியில் கீறல் விழுந்துவிடக் கூடாதே என்ற கவனம். அந்தச் சின்னச் சத்தம் கேட்டால் போதும், வீட்டில் அவரவர் வேலை அவரவருக்குத் தெரியும். அம்மா அடுப்பை அணைப்பாள். அண்ணன் எழுந்து வந்து தங்கைக்கு முன்னால் நிற்பான். அவள் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வாள். பல வருடங்கள் அவள் மேல் அடி விழாததற்குக் காரணம் அந்தச் சட்டைதான்.

வெளியே அவருக்கு வேறு பெயர். விபத்தில் நசுங்கிய வண்டிகளைச் சரிசெய்யும் பட்டறையில் அவர் டிங்கர். கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி வரும் கதவைக்கூட உட்பக்கத்திலிருந்து மெல்ல மெல்லத் தட்டி, விரல் நுனியால் தடவிப் பார்த்து, பழைய வளைவுக்குக் கொண்டுவந்துவிடுவார். பள்ளி விட்டு வரும் வழியில் அவள் நின்று பார்த்திருக்கிறாள். அந்தத் தகரத்தின் மேல் அவளுக்குப் பொறாமையாக இருக்கும்.

அடித்து முடித்ததும் இன்னொன்று நடக்கும். அப்பா தன் கன்னத்தில் தானே மாறி மாறி அறைந்துகொள்வார். நான் மனுஷனே இல்லை என்று அழுவார். சாப்பிட மாட்டார். அம்மா தட்டோடு அவர் பின்னால் அலைவாள். அடி வாங்கியவர்கள் எல்லாம் சேர்ந்து அடித்தவரைத் தேற்ற வேண்டியிருக்கும். இப்படி அழுகிறவர் இனிமேல் கை நீட்ட மாட்டார் என்று வீடே நம்பும். ஒவ்வொரு தடவையும் நம்பியது.

அண்ணனுக்கு இடது காது கேட்காமல் போனது அப்படி ஒரு சாயங்காலத்தில்தான். படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று அவன் சொன்னதற்காக விழுந்த அடி. காயம் ஆறியதும் ஒரு பையை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். அம்மாவிடமும் தங்கையிடமும் மட்டும் போனில் பேசுவான். அப்பா என்று பேச்சை எடுத்தால் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவான்.

அதற்குப் பிறகுதான் பெயின்டர் உள்ளே வந்தார். அப்பா நிமிர்த்தும் தகரத்துக்கு வண்ணம் அடிக்கும் கூட்டாளி, பிள்ளைகளுக்கு மாமா. அவர் திட்டவில்லை. வாட்சில் கை போனால் அதே கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னார், அவ்வளவுதான். அப்பாவும் போனார். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வாசலில் போய் நிற்பவரை பெயின்டரின் மனைவி, பிள்ளைகளுக்கு அத்தை, சும்மா விட மாட்டாள்.

"அண்ணே, கோபத்த அங்கயே விட்டுட்டு உள்ள வாங்க. இங்க ஏற்கெனவே ஒருத்தர் வச்சிருக்காரு, வீட்ல இடம் பத்தாது."

நாள் போகப் போக வீடு மூச்சு விடத் தொடங்கியது. அப்போதுதான் அப்பா சறுக்கினார். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன மகள், ஒரு பாடத்தில் தோற்றதை மறைத்திருந்தாள். அது தெரிந்ததும் ஒரே அறை. வாட்சைக் கழற்றக்கூட இல்லை. முன்னால் நிற்க அண்ணனும் இல்லை.

அடித்துவிட்டு அப்பா பெயின்டர் வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததை அத்தை பிறகு அவளிடம் சொன்னாள். அப்பா வழக்கம்போலத் தன் கன்னத்தில் அறைந்துகொள்ள ஆரம்பித்திருக்கிறார். பெயின்டர் இரண்டு கையையும் பிடித்து அமுக்கியிருக்கிறார்.

"நிறுத்துப்பா. இதுவும் அடிதான். வாங்குற ஆள்தான் வேற, கை அதே கைதான். உன்னையே இப்படி அடிக்கிறவன் பிள்ளைய எப்படி விடுவே?"

இத்தனை நாள் கட்டிய சுவரில் ஒரு கல் விழுந்தால் சுவரையே இடித்துவிடுவாயா, அந்த ஒரு கல்லை எடுத்து வைப்பாயா என்று பெயின்டர் கேட்டாராம். போய்ச் சாப்பிடு, பிறகு அந்தப் பெண்ணிடம் பேசு என்று அனுப்பினாராம்.

அப்பா வீட்டுக்கு வந்து தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார். தட்டைக் கழுவிவைத்துவிட்டு அவள் அறை வாசலில் நின்றார்.

"வலிக்குதாம்மா?"

அந்த வீட்டில் அந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க சாப்பிடாம இருந்தா அம்மா உங்க பின்னாடி போயிடுவாங்க. எனக்குன்னு யாரும் வர மாட்டாங்கப்பா."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் எழவில்லை, அழவுமில்லை.

பிறகு அவர் யாரையும் அடிக்கவில்லை, தன்னையும்கூட. பெயின்டர் வீட்டுக்குப் போகும் நாட்கள் இருந்தன, போய்விட்டுத் திரும்புவார். ஆனால் அவள் உடம்புக்கு அது தெரியவில்லை. அவர் வாட்சைத் தொட்டாலே அவள் தோள் சுருங்கிவிடும். ஒருநாள் அதைக் கவனித்துவிட்டார். அன்றிலிருந்து வாட்சைக் கழற்றுவதற்கு முன்னால், "கை கழுவத்தாம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் கழற்றுவார். ஏன் இந்த மனிதர் பத்து வயதில் தனக்குக் கிடைக்கவில்லை என்று அவளுக்கு ஆத்திரமாக வரும். நல்லவராக மாறியவர் மேல் கோபப்படுவது நியாயமா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள்.

அப்பாவுக்கு மிச்சமிருந்த ஆசை ஒன்றுதான். மகனை நேரில் பார்த்து, தான் செய்தது இன்னது என்று சொல்ல வேண்டும். மன்னிப்பு கேட்பதாகக்கூட இல்லை, கேட்டால் அவன் கொடுத்தாக வேண்டியிருக்குமே என்றார். வேலைக்கு நடுவில் அதைப் பெயின்டரிடம் ஒத்திகையாகச் சொல்லிப் பார்ப்பார். பெயின்டர் திருத்துவார்: அந்த வார்த்தை வேணாம், அதுல நீ தப்பிக்கப் பாக்குற.

அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். இந்தத் தடவை அவன் வைத்துவிடவில்லை.

"மாறிட்டாருன்னா சந்தோஷம். நான் இருந்தப்ப மாறலையே. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

அதையே அப்பாவிடம் சொன்னாள். "அவன் நேரம் அவனுக்கு. நான் பறிச்சது போதும்" என்றார். காத்திருந்தார். அடுத்த தடவையும் அதே பதில், அதற்கடுத்த தடவையும். பிடிவாதமாகக் கிளம்பிப் போயிருக்கலாம். போகவில்லை. ஒரு மத்தியானம் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

அண்ணன் வந்தான். வந்தவர்கள் எல்லாரும் அவன் கையைப் பிடித்து, உங்கப்பா மாதிரி பொறுமையான மனுஷன் கிடையாது என்றார்கள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே நின்றான். கூட்டம் குறைந்த பிறகு சமையலறையில் தங்கையிடம் மெதுவாகச் சொன்னான்.

"அடுத்த மாசம் வரச் சொல்லலாம்னு இருந்தேன்டி."

அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். அவனும் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அழுகை வந்தது அவளுக்குத்தான்.

அவன் ஊருக்குக் கிளம்பும்போது அவளோடு பெயின்டரும் தெருமுனை பஸ் நிறுத்தம்வரை கூட நடந்தார். அப்பா சொல்ல நினைத்தது முழுக்கத் தனக்கு மனப்பாடம், ஒரு வார்த்தை மாறாமல் சொல்கிறேன், கேட்டுவிட்டுப் போ என்றார். அண்ணன் பையைக் கீழே வைத்தான். மறுபடி எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"வேணாம் மாமா. நீங்க சொன்னா அது நீங்க சொன்னதாத்தான் இருக்கும். அவர்தான் எனக்குத் தரணும்."

பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டான். அவள் பெயின்டரைப் பார்த்தாள். அவர் வாய் லேசாகத் திறந்தபடியே இருந்தது. அவளிடமாவது சொல்லிவிட வேண்டும்போல இருந்திருக்கும். அவளும் கேட்கவில்லை. அது அண்ணனுக்குச் சேர வேண்டியது.