முத்தம்மா வீட்டுக் கோழிக்கறி

தினமும் இறைச்சி சாப்பிட்டு வந்த நான், ஓய்வு பெற்றபின் சுற்றுச்சூழலுக்காக அதைக் குறைத்தேன். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் சுற்றறிக்கை எழுதிய பழக்கத்தில், குறைத்ததை எல்லோருக்கும் அறிவிக்கவும் செய்தேன்.

லிந்துலையில் கொழுந்து பறிக்கும் முத்தம்மா, மகள் ஆசிரியையான சந்தோஷத்தில் என்னைத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலுள்ள தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் கோழிக்கறி வைக்க வந்தபோது தடுத்து, இறைச்சியால் பூமிக்கு வரும் கேட்டை விளக்கினேன்.

அவர் முகம் சுருங்கியது. "எங்க வீட்டுல கை நனைக்க மனசு வரலீங்களா, ஐயா? எங்களுக்கே கறி மாசத்துக்கு ஒரு தடவதாங்க."

என் காலத்தில் ஆபீஸ் ஐயாமார் எவரும் லயத்தில் சாப்பிட்டதில்லை, நானும்தான். தட்டை நீட்டினேன். கறி மிகவும் ருசித்தது.

இன்றும் என் வீட்டில் பலாக்காயும் பருப்பும்தான், ருசித்தே சாப்பிடுகிறேன். ஆனால் லயத்தில் பூமியைப் பற்றிப் பேசுவதில்லை. அவர்களைவிடப் பூமியை அதிகம் தின்றவன் நான்.