வேண்டாமென்று வைத்த அழைப்பு

கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டில் தங்கி எட்டு மாதமாக வேலை தேடுகிறேன். எத்தனை விண்ணப்பம் போட்டேன் என்று எண்ணுவதையும் விட்டுவிட்டேன். மாலையில் நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சியாக அக்கா மேலதிகாரியைப் போலக் கதிரையில் இருந்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்பாள். நானும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிப் பழகினேன்.

போன மாதம் ஒருநாள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது தெரியாத இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் சிங்களத்தில் வேகமாகப் பேசத் தொடங்கினாள். கடன் அட்டை, காப்புறுதி என்று தினமும் யாராவது இப்படி எடுப்பார்கள். என் சிங்களம் சந்தைக்கு மட்டுமே போதும். "எப்பா மிஸ், எப்பா," வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மாலையில் மின்னஞ்சல் வந்தது. வத்தளையில் நான் விண்ணப்பித்திருந்த ஒரு நிறுவனம். நேர்முகத் தேர்வுக்கு அழைத்தபோது நான் விருப்பமில்லை என்று சொன்னதால், பட்டியலில் இருந்து பெயரை நீக்கிவிட்டார்களாம். திருப்பி எடுத்து மன்னிப்புக் கேட்டேன். இடமெல்லாம் நிரம்பிவிட்டது என்றார்கள்.

அக்கா ஏசவில்லை. "இங்கிலீசிலதான் கதைப்பினம் எண்டு நானும் நினைச்சனான்," என்றாள்.

இப்போது எந்த அழைப்பையும் இடையில் வெட்டுவதில்லை. விளங்காவிட்டால் மெதுவாகச் சொல்லச் சொல்கிறேன். நேற்று ஒரு பெண் காப்புறுதித் திட்டம் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டேன். பிறகு, உங்கள் அலுவலகத்தில் வேலை ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன்.

அவள் தானும் வேறு வேலைதான் தேடுவதாகத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.