பட்டியலில் இல்லாத கடல்

ஏழாம் வகுப்பில் சமூக அறிவியல் டீச்சர் ஒரு கடற்கரைச் சுற்றுலா நகரத்தைப் பற்றி எழுதிவரச் சொன்னார். தலைப்புகள் மூன்று: புவியியல், வரலாறு, பொருளாதாரம். அதே மாதம் அப்பாவின் கம்பெனியில் குடும்பங்களை மாமல்லபுரம் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள். எனக்கு இரண்டு நாள் தூக்கமே வரவில்லை.

ஒரு நிபந்தனை. ஒரகடத்தில் காலை ஷிஃப்ட்காரர்களை இறக்கிவிட்டு வரும் பஸ்தான் எங்களுக்கும். ஷிஃப்ட் முடிந்து அவர்களை ஏற்ற வேண்டும் என்பதால், மாமல்லபுரத்திலிருந்து சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். அப்பா கார் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை செய்பவர். மாமல்லபுரத்தையே மூன்று ஸ்டேஷனாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்து, தன் வாட்ச்சை என் கையில் கட்டிவிட்டார். அது முழங்கை வரை ஏறி இறங்கியது.

“கடலு எப்போ?” என்றாள் அம்மா. வல்லக்கோட்டையில் பிறந்து ஒரகடத்தில் வாழ்க்கைப்பட்டவள். அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

“கடலு எங்க ஓடிடப் போவுது? மொதல்ல பாப்பா வேலை முடியட்டும்” என்றார் அப்பா.

“கடல் புக்குலயே கீதும்மா. கிழக்கே வங்காள விரிகுடா. எழுதிட்டேன்” என்றேன் நான்.

ஓடினோம். வரலாறு: ஒரே பாறையில் செதுக்கிய ரதங்கள். கல்யானையின் முதுகை எம்பித் தட்டிப் பார்த்தேன். புவியியல்: கலங்கரை விளக்கத்தின் உச்சி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கால்வாய், நடுவில் ஊர் இவ்வளவு ஒல்லியா என்று கூவியே விட்டேன். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்து நின்றாள். நேரமாகிறது என்று நான்தான் கீழே இறக்கினேன்.

பொருளாதாரம்: சிற்பக் கூடம். ஒரு சிலை செய்ய எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். அப்பாவின் சட்டையிலிருந்த கார் கம்பெனிப் பெயரைப் பார்த்துவிட்டு, மெஷினால் கல்லை அறுத்துக்கொண்டிருந்த அண்ணன் என்னையே திருப்பிக் கேட்டார்.

“உங்கப்பா கம்பெனில ஒரு காரு எவ்ளோ நேரத்துல வெளிய வருது?”

“ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு!”

“இந்தப் புள்ளையாரு மூணு மாசமா தும்பிக்கைலயே நிக்கிறாரு. உங்க லைன்ல கொஞ்சம் ஏத்தி வுடேன்.”

அப்பாவே சிரித்துவிட்டார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். பஸ்ஸில் அம்மாவைத் தவிர எல்லோரும் இருந்தார்கள். அவள் போன் அவள் பையில். பை அப்பாவின் மடியில். டிரைவர் ஹாரன் அடித்தார். நான் கடற்கரைக்கு ஓடினேன்.

முழங்கால் தண்ணீரில், செருப்பைக் கையில் பிடித்தபடி, ஒவ்வொரு அலைக்கும் தனித்தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ம்மா! பஸ்ஸு கெளம்புது!”

“ரெண்டே அலைடி.”

வாட்ச்சைப் பார்த்தபடி எண்ணினேன். ஒன்று. இரண்டு. கையைப் பிடித்து இழுத்து வந்தேன். படியேறும்போது பக்கத்து வீட்டு அத்தை கத்தினாள்: “இன்னாக்கா, கடலையே பொடவைல எடுத்துனு வந்துட்டியா?” பஸ்ஸே சிரித்தது. மணி சரியாகப் பன்னிரண்டு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கட்டுரைக்கு முதல் பரிசு. ‘மக்கள் ஏன் இந்த ஊருக்கு வருகிறார்கள்?’ என்ற கடைசிக் கேள்விக்கு எண் போட்டு ஆறு காரணங்கள் எழுதியிருந்தேன்.

அம்மாவின் புடவை ஓரத்தில் உப்பு வெள்ளைக் கோடாகக் காய்ந்திருந்தது. ஒரு வாரமாக அதைத் துவைக்காமல் கொடியிலேயே விட்டுவைத்திருந்தாள். சோம்பல் என்று நினைத்து, நானே எடுத்து, சோப்புப் போட்டு, சுத்தமாக அலசிவைத்தேன்.