எழுந்தால் கடிக்கும் பட்டன்

குரைக்கிற நாய் கடிக்காது என்று சொல்லிவைத்த புண்ணியவான்கள், குரைக்காத நாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்களே, இந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்வது! பட்டன் குரைக்கவே குரைக்காது. வருகிறவர்களை வாசலிலேயே வாலாட்டி வரவேற்கும். செருப்பை மோந்து பார்க்கும். நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வந்தவரும், "அடடா, எவ்வளவு சாது!" என்று தலையைத் தடவிக் கொடுப்பார். அந்த மரியாதையெல்லாம் அவர் உட்கார்ந்திருக்கிற வரைக்கும்தான். கிளம்பலாம் என்று எழுந்தாரோ, சத்தமே இல்லாமல் கணுக்காலில் ஒரு பிடுங்கு!

பட்டனுக்குச் சொந்தக்காரர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். குடியிருப்பது மட்டும் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், இரண்டாவது மாடியில். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, அப்பா தனியாக இருக்கிறாரே என்று மகள்தான் இந்தக் குட்டியைக் கொண்டுவந்து விட்டாள். பழுப்பு உடம்பு, பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு. கறுத்து வட்டமாக இருந்த மூக்கைப் பார்த்ததும் லிஃப்ட்காரர் 'பட்டன்' என்று பெயர் வைத்துவிட்டார். வேறு என்ன பெயர் தோன்றும் அவருக்கு!

மனிதர் பேச்சுப் பிரியர். ஆனால் பாருங்கள், லிஃப்டில் ஏறினவனோடு எவ்வளவு நேரம் பேச முடியும்? முதல் மாடியில் ஆரம்பித்தால் மூன்றாவது மாடியில்தான் கதை சூடுபிடிக்கும். நாலாவது மாடியில் கதவு திறக்கும், கேட்கிறவன் இறங்கிப் போய்விடுவான். வேலை பார்த்த காலமெல்லாம் இப்படிப் பாதிக் கதையாகவே தொண்டையில் தேங்கிப்போயிற்று. ஓய்வு பெற்றதும் அந்த மடை திறந்துகொண்டது.

அதிலும் ஒரு கதை உண்டு. முகம் கொடுத்துப் பேசாத அண்ணன் தம்பி இரண்டு பேர், படுக்கையில் கிடந்த தாயைப் பார்க்க வந்து, தெரியாமல் ஒரே லிஃப்டில் ஏறிவிட்டார்கள். லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே இவர், அண்ணன், தம்பி, கும்மிருட்டு. வெகு நேரம் கழித்து அண்ணன் வாயைத் திறந்தார்... இந்த இடம் வந்ததும் லிஃப்ட்காரர் அண்ணனின் மாமனார் வீட்டு வழக்குக்குள் நுழைந்துவிடுவார். கேட்கிறவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், எழுவார்கள், கடிபடுவார்கள்.

மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் கடிபட்டார். எதிர்வீட்டு பேங்க்காரருக்குக் கால்சட்டை கிழிந்தது. மச்சினி ஒரு செருப்போடு படியிறங்கி ஓடினாள். ஒவ்வொரு தடவையும் லிஃப்ட்காரர் துடித்துப்போவார். "ஐயையோ, உக்காருங்க உக்காருங்க!" என்று கடிபட்டவரைத் திரும்பவும் நாற்காலியில் அழுத்தி, சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து தடவி, "ஊசி போட்ட நாய்தான், இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்று சொல்லி, மிரண்டு நிற்கும் பட்டன் சாந்தமாகட்டும் என்று ஒரு பிஸ்கட்டும் போடுவார். மருந்து காய வேண்டாமா? அதுவரை மிச்சக் கதை.

கடைசியில் ஒரு நாள் மகளையே கடித்துவிட்டது. தன்னைக் கொண்டுவந்த மகராசியை! கைப்பையை எடுத்துக்கொண்டு அவள் எழுந்ததுதான் தெரியும். "அம்மா!" என்று ஒரு அலறல். குதிகாலிலிருந்து இரத்தம் தரையில் சொட்டியது. லிஃப்ட்காரருக்குக் கைகால் ஓடவில்லை. இரத்தம் பார்க்காதவரா அவர்? ஸ்ட்ரெச்சரில் எத்தனை பேரை மேலே ஏற்றியிருக்கிறார்! ஆனால் பெற்ற மகளின் இரத்தம் சொந்த வீட்டுத் தரையில் சொட்டியபோது, பஞ்சைக்கூட அவரால் பிடிக்க முடியவில்லை.

மறுநாள் மகள் போன் செய்தாள். "அப்பா, அந்த நாய் இருக்கற வரைக்கும் நான் வரமாட்டேன். அதை எங்கயாவது குடுத்துடுங்க."

"பட்டனையா? நீ குடுத்த குட்டிம்மா அது."

"அதுவா நானா, நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

மகள் போனை வைத்த பிறகும் அவர் தன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பட்டன் அவர் பாதத்தின் மேல் முகவாயை வைத்துப் படுத்திருந்தது. மனிதர் அழுதேவிட்டார். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். மகள் இல்லாமலும் முடியாது, இது இல்லாமலும் வீட்டில் மூச்சுச் சத்தம் கேட்காது. ஒரு மரக்கடைக்காரர் காவலுக்கு நாய் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாரக் கடைசியில் கொண்டுவந்து விடுகிறேன் என்று அவரிடம் வாக்கும் கொடுத்தாயிற்று.

அதற்குள் நாய் டாக்டர் ஒரு பெண்ணின் நம்பரைக் கொடுத்தார். "குடுக்கறதுக்கு முன்னாடி இந்தப் பொண்ணை ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க. நாய்ங்களுக்குப் பாடம் சொல்லித் தர்றவங்க."

அவள் வந்தாள். முழங்கால் வரைக்கும் தடித்த பூட்ஸ். பட்டன் வாலாட்டியது. அவள் உட்கார்ந்தாள். லிஃப்ட்காரர் விடுவாரா? நாய்ப் புராணத்தில் ஆரம்பித்து, அண்ணன் தம்பி லிஃப்டில் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வந்துவிட்டார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சட்டென்று எழுந்தாள். பட்டன் பாய்ந்து பூட்ஸைக் கவ்வியது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று பதறினார் அவர்.

"பாத்தேன் ஐயா. இப்ப நீங்க சமையல்கட்டுக்குள்ள போய் நில்லுங்க. என்ன ஆனாலும் வெளியில வராதீங்க."

அவர் போய்க் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். அவள் மறுபடி உட்கார்ந்து, கொஞ்சம் பொறுத்து எழுந்து, வாசல் வரைக்கும் நடந்தாள். பட்டன் கொட்டாவி விட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து, எழுந்து, மறுபடி நடந்தாள். பட்டன் காதைச் சொறிந்துகொண்டது. லிஃப்ட்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது அவருடைய பட்டன்தானா?

"இப்ப வாங்க. உங்க நாற்காலியிலயே உக்காருங்க" என்று கூப்பிட்டாள். அவர் வந்து உட்கார்ந்ததும் அவள் எழுந்தாள். அவர் வலது கை தானாக முன்னால் நீண்டது. "அட, அதுக்குள்ள என்னம்மா அவசரம்!" என்று வாய் சொல்லி முடிப்பதற்குள், பூட்ஸில் பட்டன் தொங்கியது.

"ஐயா, அது என்னைப் பாக்கவே இல்ல. உங்க கையைத்தான் பாத்துச்சு. நீங்கதான் அதை ஏவி விடறீங்க."

"நானா?" நாற்காலி பின்னால் சாயும்படி எழுந்தார். "வாயில வந்ததைப் பேசாதம்மா! நான் பெத்த பொண்ணு மேல நானே நாயை ஏவுவேனா?"

"தெரிஞ்சு செய்யல. யாராவது எழுந்தா நீங்க பதறிக் கையை நீட்டறீங்க. அது ஓடிப்போய்ப் பிடிக்குது. பிடிச்சதும் வந்தவங்க மறுபடி உக்காந்துடறாங்க. நீங்க அதுக்கு ஒரு பிஸ்கட்டும் போடறீங்க. ஆளைப் போக விடாம பிடிச்சு வைக்கறதுதான் தன் வேலைன்னு அது நினைச்சுட்டிருக்கு. ரொம்பப் பொறுப்பா செய்யுது."

லிஃப்ட்காரர் பேயறைந்தாற்போல நின்றார். மீட்டர்காரர், பேங்க்காரர், மச்சினி, தரையில் சொட்டிய இரத்தம், ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. ஒவ்வொன்றிலும் அவருடைய கை நீண்டுதான் இருந்தது. எய்தவன் குத்துக்கல்லாட்டம் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அம்பை மரக்கடைக்கு அனுப்பப் பார்த்தாரே! பட்டனைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அவள் வழி சொல்லிக் கொடுத்தாள். வந்தவர் எழுவதற்கு முன்னால் இவர் எழ வேண்டும். கை இரண்டும் பின்னால். "சரி, போயிட்டு வாங்க" என்று இவரே வாசல் கதவைத் திறந்துவிட வேண்டும். பட்டன் தன் பாயில் உட்கார்ந்தபடி இருந்தால் அப்போதுதான் பிஸ்கட். காலம் பூராவும் கதவு திறந்துவிட்ட மனிதருக்கு இதென்ன கஷ்டம் என்றுதானே நினைப்பீர்கள்? வாயில் இருக்கிற கதையை விழுங்கிவிட்டுக் கதவைத் திறக்க வேண்டுமே, ஐயா! முதல் நாள் ஒத்திகைக்கு வந்த பேங்க்காரர் மறுபடியும் ஒரு கால்சட்டையைப் பறிகொடுத்தார். "என் கால்சட்டையை விட்டா வேற எதுவும் கிடைக்கலையா சார் உங்க நாய்க்கு?" என்று அங்கலாய்த்தாலும், அடுத்த நாளும் வந்தார், பழைய கால்சட்டையில். போகப் போக நாய்க்குப் பழகிவிட்டது. இவருக்குத்தான் இன்னும் கொஞ்சம் நாள் ஆயிற்று. மரக்கடைக்காரரிடம் இன்னொரு தவணை கேட்டிருந்தார்.

மகளைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு தடவை வரவழைத்தார். கடித்தால் அன்றைக்கே பட்டன் மரக்கடைக்குப் போய்விடும், அதுதான் பேச்சு. காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள் அவள். காபி குடித்தாள். பட்டன் பாயில் இருந்தது. அவர் அண்ணன் தம்பி கதையை ஆரம்பித்திருந்தார். லிஃப்ட் நின்றது. இருட்டு. அண்ணன் வாயைத் திறந்தார். மகளின் பார்வை கடிகாரத்துக்குப் போனது.

லிஃப்ட்காரர் எழுந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்து கதவை விரியத் திறந்தார்.

"சரிம்மா. நேரமாச்சு. பாத்துப் போயிட்டு வா."

மகள் திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள். "என்னப்பா ஆச்சு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீ எழுந்து வா."

காலைப் பயந்து பயந்து கீழே வைத்தாள். எழுந்தாள். பட்டனைத் தாண்டினாள். பட்டன் அசையவில்லை. வாசலில் வந்து நின்றபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சிடும்மா. கடிச்சது அது இல்ல, நான்தான்" என்றார் அவர்.

"எனக்குத் தெரியும்ப்பா."

"என்னது?"

"உங்க கை நீண்டதும்தான் அது ஓடி வரும். அன்னிக்கே பாத்தேன். ஒவ்வொரு தடவை வரும்போதும், எப்படித்தான் கிளம்பப் போறோம்னு படியேறும்போதே யோசிக்க ஆரம்பிச்சுடுவேன்ப்பா. உங்களைப் பாத்து எப்படிச் சொல்றது? நாய் மேல பழியைப் போட்டேன்."

நாய் டீச்சர் சொன்னபோதுகூட இப்படி இடி விழவில்லை. அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். மகளுக்குத் தெரிந்திருக்கிறது! தெரிந்தும் வாயில்லா ஜீவனை விரட்டச் சொல்லியிருக்கிறாள். கோபம் வந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது. அப்பா முகத்துக்கு நேரே சொல்ல முடியாதபடி அவளை வைத்திருந்தது யார்?

மகள் மூக்கை உறிஞ்சினாள். "அந்த அண்ணன்காரர் என்னதான்ப்பா சொன்னார்?"

முடிவைச் சொன்னால் கேட்கிறவர்கள் போய்விடுவார்கள். அதனால்தான் இத்தனை வருஷமாக ஒருவரிடமும் அவர் அதைச் சொல்லவில்லை. இப்போது சொன்னார். "'அம்மா உன்னைத்தான் கேட்டுட்டே இருக்காங்க, நீ முன்னாடி போ'ன்னார். லிஃப்ட் கதவு திறந்ததும் தம்பி போனான். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" மகள் வாயைப் பிளந்தாள். "இதுக்காப்பா இத்தனை வருஷம்!"

"அவ்வளவுதான். போயிட்டு வா."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துக்கொண்டே படியிறங்கினாள். அவர் பட்டனிடம் போய் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தார், இன்னொன்றும் கொடுத்தார். கீழ்ப்படியிலிருந்து மகள் குரல் வந்தது. "வியாழக்கிழமை வர்றேன்ப்பா! வேற கதை சொல்லணும், ஆமா!"

லிஃப்ட்காரர் பிஸ்கட் டப்பாவும் கையுமாக நின்றார். முடிவு உள்ள கதை தன்னிடம் வேறு ஏதாவது இருக்கிறதா என்று அவருக்கே தெரியவில்லை.