கோச் கிறிஸ்துராஜாவும் அவர் இடத்துக்கு வந்த டெரிக்கும்

ஜெர்மனியில் வளர்ந்த நம் பிள்ளைகள் பெரும்பாலும் காலால் உதைக்கிற பந்தின் பின்னால்தான் ஓடினார்கள். கிறிஸ்துராஜாவுக்கோ பந்தைக் கையில் அணைத்தபடி, எதிரே வருபவனை மோதித் தள்ளி ஓடுகிற அமெரிக்கன் புட்போல்தான் பிடித்துப்போனது. முழங்கால் போகும்வரை விளையாடினார். பிறகு குடும்பத்தோடு லண்டன் வந்து சட்டன் என்ற புறநகரில் குடியேறினார். கிழமை நாட்களில் வயரிங் வேலை. ஞாயிறுகளில் அதே விளையாட்டுக்கான உள்ளூர் கிளப்பொன்றில் சம்பளமில்லாத உதவிக் கோச்.

சில வருடங்களில் தலைமைக் கோச் ஆனார். அதோடு பிடித்தது வினை. எல்லாவற்றையும் தானே முடிவுசெய்தார். கோட்டோரம் நின்று அவர் போடுகிற சத்தத்தில் பெடியன்கள் வாய் திறக்கவே பயந்தார்கள். அந்த சீசன் முழுக்கத் தோல்வி. கிளப்பார் அவரை இறக்கிவிட்டு, டெரிக் என்ற பஸ் சாரதியைத் தலைமைக் கோச்சாகக் கொண்டுவந்தார்கள்.

அன்று பின்னேரமே டெரிக் போன் எடுத்தார். "நீ போகாதே. தடுப்பாட்டக்காரரை நீ பார்த்துக்கொள். அதில் உன்னைவிட எனக்கு யார் இருக்கிறார்கள்?"

கிறிஸ்துராஜா போனை வைத்துவிட்டுப் பொருமினார். "என்ர இடத்தைப் பிடிச்சுப்போட்டு எனக்கே வேலை தாறானாம்!"

மனைவி மேரிசாந்தி புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார். "உங்களை இறக்கினது கிளப். அந்த மனுசனுக்கு உங்களைக் கூப்பிட வேண்டிய தேவையே இல்லை. எண்டாலும் கூப்பிடுறார். ஞாயிறு முழுக்க வீட்டில இருந்து என்ர உயிரை எடுக்காமல் போங்கோ."

போனார். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றார். டெரிக் சத்தம் போடுவதேயில்லை. இடைவேளையில் பெடியன்களைச் சுற்றி இருத்தி, "உங்களுக்கு என்ன தெரிகிறது?" என்று கேட்பார். அவர்கள் சொல்வதில் பாதி, வெளியே நிற்பவர் கண்ணில் படாதது. இத்தனை காலமும் இதைக் கேட்காமல் விட்டோமே என்று கிறிஸ்துராஜாவுக்குச் சுட்டது. மெல்ல மெல்ல அவரும் கேட்கப் பழகினார்.

பிறகு டெரிக்குக்கு இடுப்பில் ஆபரேஷன். விலகும்போது கிளப் கூட்டத்தில் அவர் சொன்ன பெயர் கிறிஸ்துராஜா. இரண்டாம் முறை பொறுப்பேற்றவரின் அணி வெல்லத் தொடங்கியது, இறுதியாட்டம்வரை போனது.

அங்கே கடைசி நிமிடம். பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி, ஆட்டம் சமநிலை; எதிரணியைத் தள்ளிக்கொண்டு பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டினால் வெற்றிக் கிண்ணம். கிறிஸ்துராஜா முன்வரிசைக்காரன் யதுசனைக் கூப்பிட்டார்.

"தள்ள ஏலுமே?"

"ஏலும் அங்கிள். அவங்கள் நல்லாக் களைச்சுப்போனாங்கள்."

"அப்ப தள்ளுங்கோ."

தள்ளினார்கள். சேற்றுக்குள் குவிந்து கிடந்தவர்களின் அடியிலிருந்து நடுவர் பந்தைத் தோண்டியெடுத்து, கோடு தாண்டியாயிற்று என்று இரு கைகளையும் உயர்த்தினார். கிறிஸ்துராஜா அழுதார், மறைக்கவில்லை.

அடுத்தடுத்த வருடங்களும் கிண்ணம் வந்தது. பிறகு ஜெர்மனியிலுள்ள தொழில்முறை அணியொன்று நல்ல சம்பளம் பேசி அவரைத் தலைமைக் கோச்சாக அழைத்தது. கட்விக் விமான நிலையத்துக்குக் காரோட்டி வந்தவர் டெரிக். பின்சீட்டில் மேரிசாந்தி.

இறங்குமிடத்தில் கிறிஸ்துராஜா கதவைத் திறக்காமல் இருந்தார். "நீ என் இடத்துக்கு வந்தது நான் செய்த புண்ணியம், டெரிக். ஒருநாளும் உன்னிடம் சொன்னதில்லை."

டெரிக் ஸ்டீயரிங்கையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"சரி, சரி, பெட்டியை எடு" என்றார். "இங்கே கனநேரம் நிற்க விடமாட்டார்கள்."